ராஜாவுக்காக அழுதவர்கள்

9 ஏப்ரல் 1935, செவ்வாய்

இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் இல்லை. நிற்கப் பழகினோம்.

லண்டனில் ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். அடுத்த மாதம் கடற்கரைத் திடலில் வெள்ளிவிழா. நான் பாடம் சொல்லித்தரும் வகுப்புப் பெண்கள் வரிசையாக நின்று ராஜ வாழ்த்துப் பாட வேண்டும். அதற்காக வெயிலில் நிறுத்திப் பார்த்தார் பெரிய வாத்தியார். "சிரிச்ச முகமா நிக்கணும். ராஜா நமக்குத் தகப்பன் மாதிரி" என்றார். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற ரொட்டி அப்படியே வந்து விழுந்தது. நான் மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். அவர் அடுத்த அடியைப் பாடச் சொன்னார்.

தகப்பன் மாதிரி! இரண்டாம் வரிசையில் நின்ற என் மகள் புஷ்பவள்ளியின் தகப்பனைக் கப்பலேற்றி அனுப்பியது இந்த ராஜாவின் ஆட்கள்தானே. இரண்டு வருஷம் ஆகப் போகிறது. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மூட்டைக்கடியில் ஒருவன் நசுங்கிச் செத்து, மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்தியபோது அவர்களுக்காக ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினார். செய்த குற்றம் அவ்வளவுதான். திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர் என்பதால் நாடு கடத்திவிட்டார்கள். நானும் புஷ்பமும் பினாங்கிலேயே பிறந்தவர்கள், எங்களை விட்டுவிட்டார்கள். ஜெலுத்தோங்கில் அண்ணன் வீட்டில் கிடக்கிறோம்.

நாளைக்கும் நிற்கப் பழக வேண்டுமாம்.

28 ஏப்ரல், ஞாயிறு

இராஜ விசுவாச சங்கத்தின் கூட்டம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நடந்தது. அண்ணன் அர்ஜுனன்தான் காரியதரிசி. கப்பல் ஆபீசில் பெரிய கிராணி. அவருடைய இங்கிலீஷ் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. தலைவர் அய்யாக்கண்ணு. துறைமுகத்துக்கு ஆள் விடுகிற காண்ட்ராக்டர். அன்று வேலையை நிறுத்தியவர்கள் இவருடைய ஆட்களேதான். இவர் போய்ச் சொல்லித்தான் என் வீட்டுக்காரரைப் பிடித்தார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. அந்த மனுஷனுக்கு நான் கோப்பி ஆற்றிக் கொடுத்தேன்.

ஊர்வலத்தில் தமிழர் எங்கே நிற்பது என்பதில் பெரிய சண்டை. சீனர்களுக்குப் பின்னாலா, மலாய்க்காரர்களுக்குப் பின்னாலா? "நாம கடைசியாப் போனா ராஜாவுக்கு நம்ம மேல இருக்கிற பிரியம் கொறஞ்சிரும்ங்க" என்றார் அய்யாக்கண்ணு. சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். சென்ட் வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. அண்ணி வடிவம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ராஜா லண்டனில் இருக்கிறார். இவருடைய முகம்கூட அவருக்குத் தெரியாது. பிரியமாம்.

எட்டிப் பார்த்தேன். அண்ணன் கண்ணும் கலங்கியிருந்தது. கைக்குட்டை இல்லை, சென்ட் இல்லை. சும்மா வழிந்தது.

அய்யாக்கண்ணுவின் அழுகை பொய். அதைப் பார்த்தால் குமட்டுகிறது. அண்ணனுடைய அழுகை நிஜம். அது இன்னும் அதிகமாகக் குமட்டுகிறது.

எல்லாரும் போன பிறகு கேட்டுவிட்டேன். "உங்க தங்கச்சி புருஷனைக் கப்பல் ஏத்தினது யாருண்ணே? இந்த ராஜாதானே?"

"அவருக்கு என்னம்மா தெரியும்? நடுவுல இருக்கிற பயலுக பண்ற வேலை. அவரு காதுக்குப் போயிருந்தா விட்டிருப்பாரா?"

பாத்திரம் தேய்க்கப் போனேன்.

6 மே, திங்கள்

விழா முடிந்தது. கால் வலி.

பெண்கள் எல்லாருக்கும் வெள்ளைக் கவுன், கையில் காகிதக் கொடி. பாட ஆரம்பித்ததும் மழை. துரைமார்கள் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். எங்களை யாரும் நகரச் சொல்லவில்லை, நாங்களும் நகரவில்லை. கொடிச் சாயம் கரைந்து பிள்ளைகளின் கை வழியாகக் கவுனில் ஒழுகியது. சிவப்பும் நீலமுமாக. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார்கள். ராஜா முகம் போட்டது. தாடியும் பதக்கமுமாக. புஷ்பம் வழியெல்லாம் அதைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டிராலி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சீனக் கிழவிக்கு அதைக் காட்டினாள். கிழவி தலையை ஆட்டினாள்.

"இதுல கோப்பி ஊத்தட்டுமா?" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"ஐயோ, வேணாம்மா. ராஜா முகம்!"

இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

7 மே

சாயம் போகவில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

அவரிடமிருந்து கடிதம். நான்கு பக்கம். ஆவலாகத்தான் பிரித்தேன்.

நாகப்பட்டினத்தில் ஒரு கூட்டமாம். கொடி ஏற்றினார்களாம். "கொடி மேலே போகும்போது என் கண்ணில் நீர் நிற்கவில்லை, லெட்சுமி. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்த மண்ணை நாமே ஆளும் நாளை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது" என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகு பாரத மாதாவைப் பற்றி இரண்டு பக்கம். அவளுடைய விலங்கு, அவளுடைய கண்ணீர், அவள் கூந்தல் விரிந்து கிடப்பது.

புஷ்பத்துக்கு அம்மை போட்டிருந்ததை எழுதியிருந்தேன். வேப்பிலைக்கு ஆயர் ஈத்தாம் வரைக்கும் அலைந்ததை எழுதியிருந்தேன். அதைப் பற்றி ஒரு வரி? கடைசியில், ஓரத்தில், "குழந்தைக்கு என் ஆசி."

முன்பின் தெரியாதவனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாரா? கப்பல் ஏறுகிற அன்றுகூட நிமிர்ந்துதான் நின்றார். போலீஸ்காரன் பார்க்கிறானாம், அழக்கூடாதாம்.

ஒருத்தருக்கு ராஜா, ஒருத்தருக்கு மாதா. இந்த வீட்டில் அம்மை போட்ட பிள்ளைக்கு விசிறினவள் நான். சீ.

கிழித்துப் போடலாம் என்றுதான் இருந்தது. பெட்டியில் வைத்தேன்.

3 அக்டோபர்

அவருக்குப் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? என் கூந்தலும்தான் விரிந்து கிடக்கிறது என்றா?

21 ஜனவரி 1936, செவ்வாய்

ராஜா செத்துப்போனார்.

காலையில் தந்தி வந்ததாம். பள்ளிக்கூடம் மணியடித்து விட்டுவிட்டார்கள். துறைமுகத்தில் கப்பல் கொடியெல்லாம் பாதியில் தொங்குகிறது. நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் ராஜா படம், மாலை, விளக்கு. எங்கள் அப்பா செத்தபோதுகூட அண்ணன் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பாடை கட்டுகிறவர்களிடம் மூங்கில் விலை பேசிக்கொண்டிருந்தார்.

"உலை வைக்க வேணாம்னு சொல்றாரு" என்றாள் அண்ணி மெதுவாக. "நம்ம வீட்டுல எழவு விழுந்த மாதிரி."

நான் உலை வைத்தேன்.

பின்கட்டுப் படியில் விசும்பல் கேட்டது. புஷ்பம். அந்தக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட. மூக்கிலிருந்து ஒழுகி ராஜாவின் தாடி மேலேயே விழுகிறது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அறைந்தேன். ஒன்றல்ல.

"எவனோ செத்தா உனக்கென்னடி? ஒன் அப்பன் போனப்ப ஒரு சொட்டு விட்டியா நீ? ஒரு சொட்டு?"

அன்றைக்கு இவளுக்கு ஏழு வயது. கப்பல் துறையில் கயிற்றுச் சுருள் மேல் ஏறி விளையாடினாள். அவர் கையை ஆட்டினார். இவள் சிரித்துக்கொண்டே ஆட்டினாள். அதை நான் இத்தனை நாளும் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறேன் போல.

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. உலை வைத்தும் யாரும் சாப்பிடவில்லை.

22 ஜனவரி, புதன்

புஷ்பத்துக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

பக்கத்து வீட்டு ஹமீதாக்கா கசாயம் கொண்டுவந்தார். சுவரைத் தாண்டி எல்லாம் கேட்டிருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எங்க அத்தா இப்படித்தான் லெச்சுமி. துருக்கியில எங்காளுங்களுக்கெல்லாம் ராஜா மாதிரி இருந்த கலீபாவ எறக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டு ரெண்டு நாளு பச்சத்தண்ணி குடிக்கல. அந்தக் கலீபாவுக்கு பினாங்கு எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரிஞ்சிருக்குமா? எறக்கினதும் வெள்ளைக்காரன் இல்ல, துருக்கிக்காரனேதான்! சொன்னா நம்பமாட்டேன்னுட்டாரு. எங்க அண்ணன் இறந்து அப்ப ஆறு மாசம்கூட ஆகல. அதுக்கு அவரு அழுது நாங்க பாக்கல."

கசாயத்தைப் புகட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் புஷ்பம் வாயைத் திறந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, ராஜா செத்துட்டா அப்பாவ யாரு அனுப்புவா?"

"என்னது?"

"மாமா ராஜாவுக்கு எழுதியிருக்காங்கல்ல. வெள்ளிவிழாவுக்கே எழுதிட்டாங்க. ராஜா படிச்சுட்டு அப்பாவக் கப்பல்ல அனுப்பிருவாராம். நல்ல பிள்ளையா, கொடியெல்லாம் சரியாப் பிடிச்சா சீக்கிரம் அனுப்புவாராம். நான் சரியாத்தானே பிடிச்சேன்? மழையிலகூட கீழ போடலயே?"



23 ஜனவரி

அண்ணனிடம் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன், அண்ணி வாசல் கதவைச் சாத்தினாள்.

"பிள்ளைகிட்ட பொய் சொல்லி ராஜா ராஜான்னு பைத்தியம் பிடிக்க வச்சிருக்கீங்களே, ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

"பொய் இல்ல லெச்சுமி. நெசமாவே மனு போட்டேன். வெள்ளிவிழாவுல கைதிங்கள விடுறாங்கன்னாங்க. கவர்னர் மூலமா லண்டனுக்கே போற மாதிரி போட்டேன். நீ நம்பமாட்டே, அதான் சொல்லல."

"பதில் வந்துச்சா?"

கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். "அவரு படிச்சிருந்தா வந்திருக்கும்" என்றார். பிறகு, "இனிமே யாருகிட்ட கேக்குறது?"

அவர் முந்தாநாள் தரையில் உட்கார்ந்து அழுதது எதற்கு என்று எனக்கு இப்போது சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை. அடித்தவன் காலையே பிடித்துக்கொண்டு, அவன் அடித்தது அவனுக்கே தெரியாது என்று சொல்கிற மனுஷன். இரக்கமாக இருக்கிறது. இரக்கப்படுவதும் அருவருப்பாக இருக்கிறது.

28 ஜனவரி, செவ்வாய்

லண்டனில் அடக்கம். இங்கே திடலில் பிரார்த்தனை. எல்லா மதத்தாரும். கடை எல்லாம் அடைப்பு.

அய்யாக்கண்ணு மயங்கி விழுந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும்படி பார்த்துத்தான் விழுந்தார். துரைமார் நின்ற பக்கமாக. தண்ணீர் தெளித்ததும் எழுந்து, தலைப்பாகையைச் சரிசெய்து, படம் எடுக்கிறவனைத் தேடினார்.

அவருடைய கூலியாட்களையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் வேலை போன முகம். கறுப்புத் துணியில் மலிவுச் சாயம், வேர்வையில் ஊறி எல்லார் கையிலும் மை வழிந்தது. என் கையிலும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

புஷ்பத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. வெந்நீர் கண்ணில் படாமல் நெற்றியில் கை வைத்து ஊற்றினேன்.

11 டிசம்பர், வெள்ளி

ஊரில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. புது ராஜா பட்டத்தைத் துறந்துவிட்டார். ஒரு பெண்ணுக்காக. அவள் புருஷனை விட்டவளாம், அவளைக் கட்டிக்கொள்ள மந்திரிகள் சம்மதிக்கவில்லையாம். அப்படியானால் எனக்கு நாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அண்ணன் புதுப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பி வைத்தார். இந்த ஜனவரியில்தான் மாட்டினது. "ஒரு பொம்பளைக்காக! ஒரு பொம்பளைக்காக!" என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். "எத்தன கோடி சனம் நம்பியிருக்கு!"

அய்யாக்கண்ணு வந்து, காறி, சாக்கடையில் துப்பிவிட்டு உள்ளே வந்தார். பெரிய வாத்தியார் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரையே சொல்லக்கூடாது என்றுவிட்டார். பாசாரில் மீன்காரி முதற்கொண்டு எல்லாருக்கும் முகம் சுளிப்பு. அவர் என்னமோ இவர்களைக் கட்டிக்கொண்டு பிறகு விட்டுப்போன மாதிரி.

எனக்கு மட்டும் சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன். அண்ணி பயந்துபோய் ஓடிவந்தாள். "பேஷ்" என்றேன் அவளிடம். "ஒருத்தனாவது வீட்டைப் பாத்தான் அண்ணி."

சோறு போடும்போது புஷ்பம் கேட்டாள். பத்து வயதுக்காரிக்கு எல்லாம் காதில் விழுகிறது.

"அந்த ராஜா அவங்களுக்காக நாட்டையே விட்டுட்டாராம்மா. அப்பா நமக்காக விடுவாரா?"

சிரிப்பு நின்றது.

"அப்பாகிட்ட எங்கடி நாடு இருக்கு விடுறதுக்கு" என்றேன்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நான் நம்பவில்லை.

8 ஏப்ரல் 1937, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அண்ணன் ஆபீஸ் விட்டு ஓடிவந்தார். நடக்கவில்லை, ஓடினார். இந்த வயதில். செருப்பு ஒன்று தெருவிலேயே கழன்றுவிட்டது. "லெச்சுமி! குடுத்துட்டாங்க! குடுத்துட்டாங்க!"

அவர் விடவில்லை. முதல் ராஜா செத்ததும் அடுத்தவருக்கு மனு. அவர் போனதும் இப்போது பட்டம் சூடப்போகிற தம்பிக்கு மனு. எத்தனை தடவை யார் யார் வாசலில் நின்றாரோ. முடிசூட்டு விழாவை முன்னிட்டுக் கருணையாம். என் வீட்டுக்காரர் திரும்பி வரலாம். கவர்னர் ஆபீஸ் அதிகாரி ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

அண்ணி அழுதாள். புஷ்பம் மாமா கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷனைத்தானே இத்தனை நாள் கால் பிடிக்கிறவர் என்று நினைத்தேன். ஆமாம், காலைத்தான் பிடித்திருக்கிறார். எங்களுக்காகப் பிடித்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னாரா?

ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நடந்ததற்கு வருந்துகிறேன், இனி மன்னருக்கு விசுவாசமுள்ளவனாக இருப்பேன், எந்தக் கூட்டத்திலும் பேசமாட்டேன். மூன்றே வரி.

"போட்டுருவான் லெச்சுமி" என்றார் அண்ணன். "பிள்ள மொகத்த நெனச்சுப் போட்டுருவான்."

நானும் எழுதினேன். இரண்டு வருஷமாக எழுதாததையெல்லாம் எழுதினேன். வாருங்கள் என்று எழுதினேன். வேறு ஒன்றும் வேண்டாம், வந்துவிடுங்கள்.

6 மே, வியாழன்

போடவில்லை.

"விசுவாசம் என்று எழுதிவிடலாம், அது வெறும் வார்த்தை. பேசமாட்டேன் என்றும் எழுதிவிடலாம். வருந்துகிறேன் என்று எழுதக் கை வரவில்லை, லெட்சுமி. மூன்று தடவை பேனாவை எடுத்தேன். மூட்டைக்கடியில் நசுங்கிச் செத்தவனுக்காகப் பேசினேன். அதற்கு வருந்துகிறேன் என்று எழுதினால், பிறகு உன் எதிரே வந்து நிற்பவன் யார்? என்னை மன்னித்துவிடு. புஷ்பத்திடம் எப்படிச் சொல்வாயோ தெரியவில்லை."

இந்தக் கடிதத்தில் மாதா இல்லை, கொடி இல்லை, விரிந்த கூந்தல் இல்லை. இருந்திருந்தால் நல்லது. நிம்மதியாகக் கிழித்திருப்பேன்.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைக்காக. கோபம் கோபமாக வருகிறது. அந்த வார்த்தையைக் கேட்கிறவன் மேலா, எழுதாதவர் மேலா? யாருக்கு வேண்டும் இந்த வருத்தம்? லண்டனில் இருக்கிறவருக்கு இவர் வருந்தி என்ன ஆகப்போகிறது? தாளை வாங்கி வைத்துக்கொள்ளவா? அடித்தது போதாது, அடி வாங்கினவன் மனசும் தன் பக்கம் இருக்க வேண்டும் இவர்களுக்கு. அதுதான் குமட்டுகிறது எனக்கு. உடம்பை நாடு கடத்துகிறார்கள், மனசை மட்டும் திரும்பக் கேட்கிறார்கள்.

அண்ணன் கத்துவார் என்று பயந்தேன். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன்கிட்ட கேட்டிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

புஷ்பத்திடம் நான்தான் சொன்னேன். இந்தத் தடவை அவள் அழவில்லை. "சரி" என்றாள். போய்ப் பாடம் படித்தாள். அழுதிருந்தால் தேவலை.

12 மே, புதன்

முடிசூட்டு விழா. பெரிய வளைவு கட்டினார்கள் சங்கத்தார், மூங்கிலும் தென்னங்குருத்தும் அட்டைக் கிரீடமுமாக. பிள்ளைகள் பாடினார்கள். நான் பாட வைத்தேன், சம்பளம் வாங்குகிறேனே.

அண்ணன் காரியதரிசி என்பதால் முன்னால் நின்றார். கோட்டு, தொப்பி, எல்லாம் சரியாக. வாழ்த்துப் பாடும்போது பார்த்தேன். வாய் அசையவில்லை.

30 மே, ஞாயிறு

எழுத்து சரியாக வரவில்லை.

இந்தியாவிலிருந்து ஒரு தலைவர் வந்திருக்கிறார். ஊரே திடலில். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். "அப்பாவோட ஆளும்மா" என்று புஷ்பம் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணனும் கூடவே வந்தார். ஆபீசில் தெரிந்தால் வம்பு என்று அண்ணி சொல்லியும் வந்தார்.

போனதும் முதலில் கண்ணில் பட்டது அந்த வளைவு. அதே வளைவு! அதே மூங்கில், காய்ந்துபோன அதே குருத்து. அட்டைக் கிரீடத்தை மட்டும் பிய்த்துவிட்டு அங்கே ராட்டை ஒட்டியிருந்தார்கள். கிரீடத்தின் பொன்தாள் கொஞ்சம் ஓரத்தில் இன்னும் மினுங்கியது. வரவேற்பு உபயம் யார்? அய்யாக்கண்ணு. புதுக் கதர், மடிப்புக் கலையாமல் அட்டை மாதிரி நிற்கிறது. தலைவர் காரிலிருந்து இறங்கும்போதே தழுதழுப்பு. கைக்குட்டை. அதே சென்ட்.

வாயில் எச்சில் ஊறியது எனக்கு. வாந்தி வருமுன் ஊறுமே, அப்படி. புஷ்பத்திடம் போகலாம் என்றேன். கூட்டம் விடவில்லை.

தலைவர் இங்கிலீஷில் பேசினார். தமிழில் சொன்னவர் பாதியை விழுங்கினார். ஒன்றும் என் மனசில் ஒட்டவில்லை. வெயில். பக்கத்தில் ஒருவன் தேம்பித் தேம்பி அழுகிறான். எதற்கு அழுகிறாய் என்று உலுக்கலாம் போல இருந்தது.

அப்போது துறைமுகப் பக்கத்திலிருந்து கூலியாட்கள் வந்தார்கள். வேலை முடிந்து நேராக வந்தவர்கள். தலையில் சாக்குத் துணி, தோளெல்லாம் மாவு. அய்யாக்கண்ணுவின் ஆட்கள்தான், ஆனால் அவர் வரச் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. முன்னால் வந்தவன் கையைத் தூக்கி, "பாரத மாதாவுக்கு" என்றான். "ஜே" என்றார்கள். காதை அடைத்தது. அவன் மறுபடி கையைத் தூக்கினான்.

"நம்ம பிச்சைமுத்து கிராணிக்கு!"

நாலு வருஷம். இந்த நாலு வருஷத்தில் அந்தப் பெயரை வெளியே யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நானே சொன்னதில்லை. வீட்டுக்காரர், அவர், புஷ்பத்தின் அப்பா. அவ்வளவுதான். அந்தப் பெயரை ஒருத்தன் திடல் நடுவில் வானத்தைப் பார்த்துக் கத்துகிறான்.

"ஜே!"

யார் குரல் என்று திரும்பிப் பார்த்தேன். என் குரல்.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. அவருக்கு ஜே. கூலியாட்களுக்கு ஜே. கொடிக்கு, மாதாவுக்கு, அந்தத் தலைவருக்கு. இன்னும் யார் யார் பெயரோ சொன்னார்கள், யாருக்கென்று நான் பார்க்கவில்லை. அய்யாக்கண்ணுவுக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் கத்தியிருப்பேன். பக்கத்தில் ஒரு மலபாரிக் கிழவி, முன்பின் பார்த்தது கிடையாது, என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் நனைந்திருந்தது. உடம்பு சிலிர்த்தது. அவர் எழுதியிருந்தாரே, அதே மாதிரி. அதே மாதிரிதான்.

அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு வேண்டியதுதான்.



31 மே, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன், பிள்ளைகள் படித்தார்கள். பெரிய வாத்தியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அவருக்கும் செய்தி போயிருக்கும். வேலை இருக்குமோ போகுமோ.

மாலையில் புஷ்பம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் கொப்பளிக்கும்போது பக்கத்திலேயே நின்றாள்.

"அம்மா, நேத்து நீங்க அழுதீங்கதானே?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள்.

"அப்பாவுக்கா, இல்ல கொடிக்கா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், பேச முடியாது என்று.